பூஜ்ஜியம் எடுத்தவர்

ஆண்களை விரும்பும் ஆண்கள் சந்திக்கும் இழிவையும் அவர்கள் மனநிலையையும் அளக்கிற கேள்வித்தாள் அது. அவருடைய தாளில் முதல் 12 கேள்விகளுக்கும் ஒரே விடைதான்: ‘ஒருபோதும் இல்லை’. யாரும் கேலி செய்ததில்லை, அடித்ததில்லை. வேலை போனதில்லை, வீடு கொடுக்க மறுத்ததில்லை. போலீஸ் பணம் பறித்ததும் இல்லை. கூட்டினால் பூஜ்ஜியம்.

பத்து நிமிடம் கழித்து மனச்சோர்வுக் கேள்விகளை முடித்தோம். அங்கே அவருக்கு 27-க்கு 19. எண் கூடக் கூடச் சோர்வு அதிகம் என்று அர்த்தம்.

நான் எங்கோ தவறாகக் குறித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தாளைப் புரட்டி, அவரிடம் மெதுவாகக் கேட்டேன்: “அண்ணே, முதல் பகுதியை இன்னொரு தடவை பார்த்துடலாமா?” அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அது சரியாத்தான் இருக்கு தம்பி. யாருக்காவது தெரிஞ்சாத்தானே ஏதாவது சொல்வாங்க?”

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. அதைப் பற்றியும், அந்த வேலையில் கற்ற மற்ற சிலவற்றைப் பற்றியும் எழுதுகிறேன். மனநலம், சமூகப் பணி, கருத்துக்கணிப்பு என்று எந்த வழியில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2016 கடைசியில் சென்னையில் ஓர் ஆய்வுக்குக் கள நேர்காணலராகச் சேர்ந்தேன். ஆண்களை விரும்பும் ஆண்களிடம் போய், அவர்கள் சந்தித்த இழிவையும் அவர்களுடைய மனநிலையையும் கேள்வித்தாள் வைத்து அளக்கிற வேலை. நானும் கேதான். கும்பகோணம் பக்கத்து ஊர். புள்ளியியல் படித்திருந்ததால் எடுத்தார்கள். எண்கள் எனக்குத் தெரியும், கேள்வி கேட்பதுதான் தெரியாது என்பது முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது.

அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2009 ஜூலை 2-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம், ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப்போட்டது. நாலரை வருடம் நிம்மதியாக மூச்சுவிட்டவர்கள் மறுபடி சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள் ஆனார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஒப்புதல் படிவத்தை நீட்டி, “இங்கே கையெழுத்துப் போடுங்க” என்றால் எப்படி இருக்கும்? முதல் நாள் ஒருவர் பேனாவைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு வாய்மொழி ஒப்புதலுக்கு மாறினோம். படிவத்தை நான் வாசிப்பேன், அவர் சம்மதம் சொல்வார், சாட்சியாக நான் கையெழுத்துப் போடுவேன். ஆய்வு நெறிக்குழு அதை அனுமதித்தது. பெயரையே கேட்காமல் ஓர் எண் மட்டும் கொடுப்பது, போன் நம்பரைத் தனித் தாளில் வைப்பது எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. கேள்விக்கு வரும் பதில் உண்மையாக இருக்குமா என்பது முதல் கேள்விக்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

சரி, அளப்பது என்றால் எதை அளக்கிறோம்? எனக்குப் பயிற்சி கொடுத்தவர் மூன்று அடுக்காகச் சொன்னார். ஒன்று, நடந்தது: அடி, திட்டு, வேலை நீக்கம், பணம் பறிப்பு. இரண்டாவது, உணர்வது: ‘நம்மைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்’ என்று எதிர்பார்த்துப் பயந்து, அதற்கேற்ப நடந்துகொள்வது. மூன்றாவது, உள்ளே இறங்கியது: ஊர் சொல்வதை நாமே நம்பி நம்மையே வெறுப்பது. அமெரிக்க ஆய்வாளர் இலன் மேயர் 1995-இலும் 2003-இலும் எழுதிய கட்டுரைகளில் இந்தச் சிந்தனைக்கு ஒரு வடிவம் கொடுத்தார். சிறுபான்மையினராக இருப்பதாலேயே மற்றவர்களுக்கு இல்லாத கூடுதல் அழுத்தம் ஒன்று வருகிறது. வெளியே நடக்கும் சம்பவம், அதை எதிர்பார்த்திருக்கும் பதற்றம், மறைத்தல், உள்ளே ஊறிய வெறுப்பு எல்லாம் சேர்ந்துதான் மனநலத்தைக் கெடுக்கின்றன என்பது அதன் சாரம்.

அளக்கிற கேள்விகளுக்கும் ஒரு பயணம் உண்டு. நியூயார்க், மயாமி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களில் வாழ்ந்த 912 லத்தீன் அமெரிக்க கே, பைசெக்சுவல் ஆண்களை வைத்து ரஃபேல் டியாஸ் குழு செய்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. பின்னால் பல நாடுகளில் வந்த அளவுகோல்கள் அதிலிருந்து கேள்விகளை எடுத்துத் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொண்டன. ‘ஏற்றுக்கொள்ளப்படுவதற்காக வேறு ஆளாக நடிக்க வேண்டியிருந்ததா’, ‘குடும்பத்துக்கு உங்களால் அவமானம் என்று நினைத்தீர்களா’ என்பது மாதிரியான கேள்விகள். ஒரு கண்டத்தில் பிறந்த கேள்வியை மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் தமிழில் கேட்கும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் நான் தினமும் பார்த்தேன்.

முதல் சிக்கல் சொல். ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்று தாளில் அச்சிட்டிருந்தது. அதில் ‘சேர்க்கை’ என்கிற பாதிதான் காதில் விழும். ஒரு வாழ்க்கையையே படுக்கை வேலையாகச் சுருக்குகிற சொல் அது. ‘தன்பாலீர்ப்பு’ என்று மாற்றிப் பார்த்தோம். நல்ல சொல்தான், எனக்குப் பிடித்த சொல்லும் கூட. ஆனால் எதிரில் இருந்தவர்களில் பலர் “அப்படின்னா என்ன சார்?” என்று கேட்டார்கள். பெண்மை கலந்த நடை உடை உள்ள சிலர் தங்களைக் கோத்தி என்று சொல்வார்கள். சிலர் கே என்பார்கள். சிலருக்கு எந்தப் பெயரும் கிடையாது, “நான் சும்மா ஃப்ரெண்ட்ஸோட போவேன்” என்பார்கள். கடைசியில் நாங்கள் கண்ட வழி எளிமையானது. தொடக்கத்திலேயே “உங்களை நீங்க எப்படிச் சொல்லிக்குவீங்க?” என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லையே எழுதிக்கொண்டு, எல்லாக் கேள்வியிலும் அந்த இடத்தில் அதையே வாசித்தோம். பெயரே வேண்டாம் என்றவர்களுக்கு ‘ஆம்பளைங்க மேல உங்களுக்கு இருக்கிற விருப்பம்’ என்று வாசித்தோம்.

‘களங்கம்’ என்ற சொல்லையும் நேர்காணலில் சொல்லக்கூடாது என்று நானே எனக்கு விதி வைத்துக்கொண்டேன். எச்.ஐ.வி. துறையில் ‘களங்கமும் பாகுபாடும்’ என்று பல வருடமாக எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனால் களங்கம் என்றால் கறை. கறை துணியில்தான் இருக்கிறது, பார்க்கிறவர் கண்ணில் இல்லை. எதிரில் இருப்பவரிடம் ‘உங்கள் மேல் உள்ள களங்கம்’ என்று வாசிக்கும்போது அவர் முகம் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். மக்கள் சொன்ன சொற்கள் வேறு: “கேவலமா பார்க்குறாங்க”, “அசிங்கப்படுத்திட்டாங்க”, “ஒதுக்கி வச்சுட்டாங்க”. மூன்றிலும் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். அந்தச் சொற்களுக்கு மாறிய பிறகு பதில்கள் நீளமாயின.

இரண்டாவது சிக்கல் ‘ஆமா’. இது தமிழுக்கே உரியதோ என்னவோ, கருத்துக்கணிப்பு செய்கிற எல்லோரும் கவனிக்க வேண்டியது. ‘நான் இப்படி இருப்பதை நினைத்து வெட்கப்படவில்லை’ என்று ஒரு வாக்கியம். சரியா தவறா சொல்ல வேண்டும். ஒருவர் “ஆமா” என்றார். இன்னொருவர் “இல்ல” என்றார். இருவரையும் விசாரித்தால் இருவருமே சொன்னது ஒன்றுதான்: வெட்கப்படவில்லை. முதலாமவர் வாக்கியத்தை ஒப்புக்கொள்கிறார், இரண்டாமவர் வெட்கம் இல்லை என்கிறார். கணினியில் ஏறும்போது ஒருவர் தன்னை வெறுப்பவர், ஒருவர் வெறுக்காதவர். ஓர் அளவுகோலின் கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றனவா என்று பார்க்க க்ரோன்பாக் ஆல்ஃபா என்று ஓர் எண் கணக்கிடுவார்கள். வழக்கமாக 0.70-க்கு மேல் இருந்தால் ஏற்பார்கள். இப்படி எதிர்மறை வாக்கியங்கள் நடுவில் கிடந்தால் அந்த எண் சரியும். காரணம் மொழியில் இருக்கும், நாம் மனிதர்களிடம் தேடிக்கொண்டிருப்போம். ‘இல்லை’ வரும் வாக்கியங்களை எல்லாம் நேர் வாக்கியமாகத் திருப்பி எழுதினோம்.

‘எப்போதாவது’, ‘சில சமயம்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பெயின்டர் கேட்டார். எனக்கே சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் நான்கு டம்ளர் படம் போட்ட அட்டை ஒன்று செய்தோம்: காலி, கால், அரை, நிறைய. படிக்கத் தெரியாதவரும் விரலால் தொட்டுக் காட்டலாம். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவருக்கும் அது உதவியது. விரல் சத்தம் போடாதே.

இப்போது அந்த அண்ணனிடம் திரும்ப வருகிறேன்.

அவர் எங்கள் டிராப் இன் சென்டருக்கு, அதாவது நம் ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசும் இடத்துக்கு, வந்து பழகியவர் அல்ல. கே ஆண்களுக்கு வாக்காளர் பட்டியல் மாதிரி ஒரு பட்டியல் கிடையாது, அதனால் சீட்டெடுத்து ஆள் தேர்ந்தெடுக்க முடியாது. டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997-இல் முன்வைத்த கூப்பன் முறையைப் பல ஊர்களில் பயன்படுத்துகிறார்கள், நாங்களும் அதைத்தான் செய்தோம். கலந்துகொண்டவரிடம் மூன்று கூப்பன் கொடுப்போம், அவர் தனக்குத் தெரிந்த மூன்று பேருக்குக் கொடுப்பார். அப்படி யாரோ கொடுத்த கூப்பனைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, மூன்று வாரம் யோசித்து வந்தவர் அவர். கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாள். இந்த முறை இல்லாவிட்டால் அவர் எங்கள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார். சென்டருக்கு வருகிறவர்களை மட்டும் கேட்டுவிட்டு ‘சென்னை கே ஆண்களின் நிலை’ என்று எழுதினால் அவரைப் போன்றவர்கள் அந்தத் தலைப்புக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

தாள் முடிந்த பிறகு அவர் பேசினார். நடக்கும்போது கை வீச்சைப் பார்த்துக்கொள்வாராம். பேசும்போது குரலை இறக்கிக்கொள்வாராம். ஆபீஸில் ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் யார் முகத்தையும் இரண்டு நொடிக்கு மேல் பார்க்க மாட்டாராம். அவருக்குப் பிடித்த ஒருவரின் நம்பர் போனில் ‘கேஸ் ஏஜென்ட்’ என்று இருந்தது. அந்த ஒருவர் இறந்தபோது, சாவு வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, மாலை மகளை டியூஷனிலிருந்து கூட்டி வந்திருக்கிறார். “அழுறதுக்கு என்ன உறவுன்னு கேப்பாங்கல்ல தம்பி” என்றார்.

12 கேள்வியில் இவை எதுவும் இல்லை. அவரை யாரும் எதுவும் செய்யவில்லை என்பது உண்மை. யாரும் எதுவும் செய்துவிடாமல் இருக்க, பல வருடமாக ஒவ்வொரு நாளும் அவர் வேலை பார்த்திருக்கிறார். அந்த உழைப்புக்கான கூலிதான் அந்த 19.

எங்கள் குழுவில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒரு கோத்தி இருந்தார், மூத்தவர். அவர் தாள் அப்படியே தலைகீழ். முதல் பகுதி நிரம்பி வழிந்தது: பள்ளியில் ‘ஒன்பது’ என்ற பெயர், பஸ்ஸில் இடிபட்ட தோள், மெரினாவில் லத்தி. மனச்சோர்வுக் கூட்டு 6. அவர் சொன்னார்: “எனக்கு அடி வெளியில விழுந்துச்சுடா, வீட்டுக்கு வந்தா தைலம் தேய்க்க நாலு பேர் இருந்தாங்க.” ஒரு தாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். அடிபடுகிறவர்களுக்கு வலிக்காது என்று யாரும் எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் அந்த நாலு பேர் என்னும் விஷயம் ஆய்வுகளிலும் பேசப்படுவதுதான். கார்மென் லோகி, பீட்டர் நியூமன், வெங்கடேசன் சக்ரபாணி, முரளி சண்முகம் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட கட்டுரைக்காகச் சென்னையில் 100 பேர், கும்பகோணத்தில் 100 பேர் என்று 200 பேரைக் கேட்டார்கள். ஆண்மை இலக்கணத்துக்குள் அடங்காத நடை உடையால் வரும் இழிவும், எச்.ஐ.வி. சார்ந்த இழிவும் மனச்சோர்வோடு சேர்ந்து நின்றன. சமூக ஆதரவையும் தாங்கும் திறனையும் கூடவே அளந்தார்கள். கும்பகோணம் என்ற பெயரை அந்தக் கட்டுரையில் முதன்முதலில் பார்த்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தேன். என் ஊர்ப் பக்கத்தில் என்னைப் போல நூறு பேரை யாரோ உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே வேண்டும். ஒரே ஒரு தடவை கேட்கிற ஆய்வில் எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. இழிவு சோர்வைக் கொண்டுவந்திருக்கலாம். சோர்ந்திருப்பவருக்குப் பழைய அவமானங்கள் அதிகம் நினைவுக்கு வந்திருக்கவும் கூடும். அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அது பிரியும். ‘கேயாக இருப்பதால் மனநோய் வருகிறது’ என்று செய்தி எழுதுகிறவர்களிடம் நான் கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அளந்தது இழிவை. விருப்பத்தை யாரும் அளக்கவில்லை.

மனச்சோர்வுக்கு நாங்கள் வைத்திருந்தது பி.எச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும், 20 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. அது நோயைத் தீர்மானிக்கும் கருவி அல்ல, மருத்துவரிடம் போகச் சொல்லும் கைகாட்டி. எங்கள் ஆட்கள் ‘மனச்சோர்வு’ என்று சொல்லவே மாட்டார்கள். “நெஞ்சு பாரமா இருக்கு”, “தூக்கம் பிடிக்கல”, “சோறு இறங்கல” என்பார்கள். உடம்பு வழியாகப் பேச்சைத் தொடங்கினால் மனது தானாக வரும்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. முதல் வாரங்களில் நான் அதை எப்படிக் கேட்டேன் தெரியுமா? “அப்படியெல்லாம் நினைக்கலையே?” என்று. இல்லையே என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். எனக்குப் பயம், அவருக்கு என் பயம் தெரிந்துவிடும். மேற்பார்வையாளர் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திருத்தினார்: குரலைத் தாழ்த்தாதே, தாளைப் பார்க்காதே, தூக்கத்தைப் பற்றிக் கேட்ட அதே குரலில் கேள். கேட்பதால் அந்த எண்ணத்தை விதைத்துவிட மாட்டோம். பெரும்பாலும் யாராவது கேட்கமாட்டார்களா என்று இருப்பார்கள். பூஜ்ஜியத்தைத் தவிர எந்தப் பதில் வந்தாலும் தாளை மூடிவிட்டு, ‘இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா, ஏதாவது திட்டம் இருக்கிறதா’ என்று கேட்க வேண்டும். ஆலோசகர் வரும்வரை தனியாக விடக்கூடாது. அந்த அண்ணன் ‘சில நாட்கள்’ என்று விரல் வைத்தார். அன்று மாலை ஆலோசகரோடு ஒரு மணி நேரம் பேசினார், அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும். அப்போது டெலி மானஸ் என்கிற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை கிடையாது. 2022 அக்டோபரில்தான் வந்தது. இப்போது 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

யாரிடம் அனுப்புகிறோம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எனக்கு 19 வயதில் மாமா ஒருவர் என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் எதையும் கேட்கவில்லை. தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மாமாவைப் பார்த்து “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, சரியாயிடும்” என்றார். இது நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது எனக்கு அப்போது தெரியாது. அதனால் அனுப்ப வேண்டிய மருத்துவர்கள் ஒவ்வொருவரையும் நாங்களே முதலில் போய்ப் பார்த்தோம். “ஒரு கே ஆள் வந்தால் என்ன சொல்வீர்கள்?” என்று நேராகக் கேட்டோம். இரண்டு பெயர்களைப் பட்டியலிலிருந்து அடித்தோம். இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு 377-இன் கூர்மையை எடுத்தது. 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒருவருடைய விருப்பத்தையே மாற்றிவிடுகிறோம் என்று ‘சிகிச்சை’ என்ற பெயரில் நடப்பதைத் தடைசெய்யச் சொன்னார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. டாக்டர் யாராவது உங்களை ‘சரி பண்ணுகிறேன்’ என்று சொன்னால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

கேட்கிறவர் மனதையும் பார்க்க வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒரு நாளைக்கு நாலு பேர் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இரவில் அவர்களுடைய குரல் காதில் ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலித் தாள் ஒன்றை எடுத்து நானே நிரப்பினேன். நடந்த சம்பவங்களில் எனக்கு 3 வந்தது. மனச்சோர்வில் 14. அந்த அண்ணனின் பூஜ்ஜியம் எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது. நானும் வீட்டில் குரலை இறக்கித்தான் பேசிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் சொன்னேன். நாளுக்கு இரண்டு பேர் என்று குறைத்தார்கள், வாரம் ஒரு முறை நேர்காணலர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். நானும் ஆலோசகரிடம் போனேன்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் கூடப்பிறந்த அக்கா கேட்டாள், “சென்னைல அப்படி என்னதான்டா வேலை பார்க்குற?” பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினேன். அடுப்படியில் கரும்பு நறுக்கிக்கொண்டே “படி” என்றாள். படித்தேன். ‘உங்களால் குடும்பத்துக்கு அவமானம் என்று நினைத்திருக்கிறீர்களா’ என்ற இடம் வந்ததும் அரிவாள்மணையில் அவள் கை நின்றது.

“இதுக்கு நீ என்ன போட்ட?”

“அடிக்கடி.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு துண்டுக் கரும்பை என் பக்கம் தள்ளினாள்.

“அடுத்த கேள்வியப் படி.”